சொல்லக்கூடாததும் சொல்லியே ஆகவேண்டியதும்

இளையோர் பணியாளராகப் பயிலத் தொடங்கியபோது எனக்கு இருபத்தொன்பது வயது. அதுவரை லண்டனில் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தேன். ஆட்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதும், கண் பார்க்கும் அறைக்கு அனுப்புவதும், பிரேம் தெரிவுசெய்ய உதவுவதும்தான் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாய் தகப்பனுக்குப் பின்னால் பள்ளிச் சீருடையோடு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளைகள் வந்தால் மட்டும் நான் கதிரையை விட்டு எழும்பிப் போய்க் கதைப்பேன். கண்ணாடி போட்டால் வகுப்பில் சிரிப்பார்கள் என்று அழுத ஒருத்தியோடு நெடுநேரம் இருந்து கதைத்துவிட்டுத் திரும்பினால், என் மேசைக்கு முன்னால் வரிசை நிற்கிறது. மனேஜர் ஏசவில்லை. "நீ இருக்கவேண்டிய இடம் இதில்லை என்று நினைக்கிறேன்," என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரமே வீட்டில் இருந்து வேறு வேலை தேடினேன்.

பட்டப்படிப்போடு சேர்ந்த அப்ரென்டிஸ்ஷிப் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. கிழமையில் நாலு நாள் இளையோர் நிலையத்தில் வேலை, ஒரு நாள் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. மூன்று வருடம் தாக்குப்பிடித்தால் பட்டமும் தொழில் தகுதியும் ஒன்றாகக் கிடைக்கும். அப்ரென்டிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் முகம் கோணியது. அவருக்குத் தெரிந்த அப்ரென்டிஸ் கராஜில் காருக்கு அடியில் படுத்திருப்பவன்.

"படிப்பு எண்டுறாய், வேலை எண்டுறாய். ரெண்டில எது?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் அப்பா."

"அங்க பிள்ளையளோட என்ன செய்யிறது?"

"கதைக்கிறது. அவையள் கதைச்சால் கேக்கிறது."

"அதுக்கும் டிகிரியோ?"

அம்மா விவாதத்துக்கு வரவில்லை. சொந்தக்காரருக்குப் போனில் "ரீச்சருக்குப் படிக்கிறாள்" என்று சொல்லத் தொடங்கிவிட்டா. நானும் திருத்தவில்லை.

நிலையம் குரோய்டனுக்குப் போகிற ட்ராம் பாதையோரம், ஒரு பழைய தேவாலய மண்டபத்தில் இருந்தது. ஒரு மேசைப்பந்து மேசை, துணியால் ஓட்டை மறைத்த இரண்டு சோபா, ட்ரம்ஸ் வைத்த ஒரு சின்ன அறை, எந்நேரமும் மெசினில் வாட்டிய பாண் கருகிய மணம் வீசுகிற குசினி. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். எனக்கு மேலே இருந்தவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். சோமாலியக் குடும்பத்துப் பெண், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். நேர்முகத்தில் அவருக்கு முன்னால் நான் பெருமையாகச் சொன்னது ஒன்று நினைவிருக்கிறது. இந்தப் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தப் பிள்ளைகள் என்னிடம் சுலபமாக வருவார்கள். நான் அவர்களில் ஒருத்தி.

முதலில் வந்த தமிழ்ப் பிள்ளை என்னைக் கண்டதும் எழும்பிப் போய்விட்டாள்.

அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும். இரண்டு பள்ளித் தோழிகளோடு வந்து, நேரே ட்ரம்ஸ் அறைக்குப் போய் வாசித்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே வாசித்தாள். நான் கதவடியில் நின்று கேட்டேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையில் நீளமாக இருந்த பெயரைப் பார்த்தாள். குச்சிகளைக் கதிரையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். தோழிகளில் ஒருத்திக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "உங்களில் கோபமில்லை மிஸ்," என்றாள் ஆங்கிலத்தில். "நீங்கள் தமிழ். அவளுடைய அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று பயப்படுகிறாள்."

எனக்கு அந்தத் தாயைத் தெரியாது. ஆனால் அந்தப் பயத்தைத் தெரியும். பதினாறு வயதில் ரூட்டிங் பகுதிப் பஸ் தரிப்பில் வகுப்புப் பொடியன் ஒருவனோடு சிரித்துக் கதைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், செய்தி எனக்கு முன்னால் பஸ் பிடித்து வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஆர் கண்டது, ஆர் சொன்னது என்று இன்றுவரை தெரியாது.

மேலதிகாரியிடம் போய், நான் இருப்பதால் ஒரு பிள்ளை வராமல் போகிறாள், என்ன செய்வது என்று கேட்டேன். "அவளுக்கு உன்னைத் தெரியாது," என்றார். "தெரியாத ஆளுக்கு எப்படிப் பயப்படுவது? எதற்கோ பயப்படுகிறாள். அது நீ இல்லை என்று அவளாகக் கண்டுபிடிக்கட்டும். அவளைத் தேடிப் போகாதே."

சில கிழமைக்குப் பிறகுதான் அவள் வராமல் விடவில்லை, நாளைத்தான் மாற்றியிருக்கிறாள் என்று தெரிந்தது. நான் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வியாழக்கிழமையாகப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். அங்கே அவள் ட்ரம்ஸ் அடிக்கிற நேரத்தில், இங்கே நான் வகுப்பில் இருந்து இரகசியம் காப்பதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை சொன்னதை வெளியே சொல்லக்கூடாது. பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறதென்றால் சொல்லியே ஆகவேண்டும். அதையும் பிள்ளைக்கு முதலே விளங்கப்படுத்தியிருக்க வேண்டும். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். எழுதுவதற்கு லேசான விசயமாகத்தான் இருந்தது.

அந்த ஆவணியில் அம்மாவோடு விம்பிள்டன் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் போனேன். பூசை முடிந்து வெளியே வந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவின் சிநேகிதி ஒருவர் இன்னொரு பெண்ணைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவதான். நான் சொன்னனே, பிள்ளையளின்ர சென்ரரில வேலை செய்யிறா."

அந்தப் பெண் எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். பள்ளிச் சீருடையில் அவள்.

"என்ர மகள். ரியூசனுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறவள். அங்க போறேல்லை எண்டு ரியூசன் மாஸ்ரர் சொல்லுறார். உங்கட இடத்துக்கு வாறவளோ பிள்ளை?"

நான் படத்திலிருந்து கண்ணை எடுத்தேன். தாய்க்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, பாவாடை சட்டையோடு அவளே நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட இடமில்லாத ஆளின் பார்வை.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ," என்றேன். "அங்க ஆர் வருகினம், ஆர் வரேல்லை எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேலாது. ஆர் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன். நீங்கள் மகளிட்டையே ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

"நான் பெத்த தாய்."

"ஓம் அன்ரி. தெரியும்."

அவர் போனைக் கைப்பைக்குள் வைத்து மூடிய சத்தம் எனக்குக் கேட்டது. அம்மாவின் சிநேகிதி ஏதோ சிரித்துச் சமாளித்தார். வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் அம்மா வாயைத் திறந்தா. "அவ என்ன கேக்கக்கூடாததோ கேட்டவ? ஓம் இல்லை எண்டு சொல்ல என்ன?"

அன்று எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே போகிறாள் என்று தாய் கேட்கிறாள். நான் படித்த படிப்பைக் கொண்டுபோய் அவள் முகத்தில் அடித்துவிட்டு வந்திருக்கிறேனோ என்று மனம் அரித்தது. அடுத்த நாள் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "சரியாகத்தான் செய்திருக்கிறாய்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் அந்தத் தாய் ஏன் கேட்டார் என்றும் யோசி," என்றார். அது எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை, நான் நிற்கிற நாளில், அவள் வந்தாள்.

நான் குசினியில் பாணுக்குள் சீஸ் வைத்து மெசினில் அழுத்திக்கொண்டிருந்தேன். வந்து எதிரே நின்றாள். "நீங்கள் சொல்லவில்லை," என்றாள். அவள் பேசுவது எல்லாம் ஆங்கிலம்தான்.

"இல்லை."

"ஏன்?"

"அது உன்னுடைய விசயம். ஆனால் ஒன்று. உனக்கு ஆராவது தீங்கு செய்கிறார்கள், அல்லது நீயே உனக்குத் தீங்கு செய்துகொள்வாய் என்று எனக்குத் தெரியவந்தால், நான் பேசாமல் இருக்க மாட்டேன். சொல்லத்தான் செய்வேன். முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் வேறு ஆளிடம் சொல்வேன்."

அவள் யோசித்தாள். "சரி," என்றாள். பிறகு, "ஒன்று எனக்கும் தாங்கோ அக்கா," என்று தமிழில் கேட்டுப் பாணுக்குக் கையை நீட்டினாள். அந்த ஒரு அக்காவுக்காக நான் அன்று அவளுக்கு இரண்டு கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் கிழமை தவறாமல் வந்தாள். வாசிப்பாள், சாப்பிடுவாள், தோழிகளோடு சண்டை பிடிப்பாள். எனக்குத் தாளம் சொல்லித்தரப் பார்த்தாள். என் காலும் கையும் ஒன்றோடொன்று ஒத்துழைக்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பாடத்துக்காகப் பதிவு எழுதும்போது எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதினேன். பொய்யில்லை. அங்கே அவளை அப்படித்தான் பார்த்தேன்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. நல்ல மழை, நிலையத்தில் ஏழெட்டுப் பேர்கூட இல்லை. அவள் ட்ரம்ஸ் அறைக்குப் போகவில்லை. சோபாவில் ஈர ஜக்கெற்றோடு இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ வீட்டுப்பாடம் பற்றிச் சொல்வதுபோல, "சில நாள் படுக்கும்போது நாளைக்குக் கண் முழிக்காவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன்," என்றாள்.

இப்படியான நேரத்தில் நேராகக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். சுற்றி வளைத்தால் அது கதைக்கக்கூடாத ஒன்று என்று பிள்ளை நினைத்துவிடும். வகுப்பில் ஒருவரோடு ஒருவர் நடித்துப் பழகியபோது சுலபமாக வந்த கேள்வி, இப்போது அப்படி வரவில்லை. ஆனாலும் கேட்டேன். "உயிரை விட வேண்டும் என்று நினைக்கிறாயா?"

"இல்லை," என்றாள். "ஏதும் செய்வேன் என்றில்லை. களைத்துவிட்டேன். அவ்வளவுதான்."

ரியூசன் வகுப்பில் வினாத்தாளைக் கண்டால் மூச்சு அடைக்கிறதாம். அதனால்தான் போவதை நிறுத்தினாள். நிறுத்தியதை வீட்டில் சொல்லப் பயம். அப்பயத்தோடு பரீட்சைப் பயமும் சேர்ந்து சாப்பாடும் போய், நித்திரையும் போய்விட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ சொன்னது நல்லது," என்றேன். "இதை நான் எனக்குள் வைத்திருக்க முடியாது. இப்போது உள்ளே போய் மேலதிகாரியிடம் சொல்லப் போகிறேன். வீட்டிலும் ஒருவருக்குத் தெரிய வேண்டும். ஆருக்கு என்று நீ சொல்லு."

அவள் எழும்பினாள். "நீங்களும் எல்லாரையும் மாதிரித்தான்," என்று கத்தினாள். மேசைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதவுவரை போனாள். கதவைத் திறக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் கிட்டப் போகவில்லை. போ என்றோ இரு என்றோ சொல்லவில்லை. கடைசியில் திரும்பாமலே, "அப்பா வேண்டாம். அம்மா," என்றாள்.

மேலதிகாரி அவளையும் வைத்துக்கொண்டே தாய்க்குப் போன் எடுத்தார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர், ஷிப்டை நடுவில் விட்டுவிட்டு, வேலைசெய்யும் நீல உடுப்போடு ட்ராம் ஏறி வந்தார். குடை கொண்டுவர மறந்திருந்தார். கோயிலில் நான் பதில் சொல்லாமல் விட்ட அதே பெண். உள்ளே வந்ததும் என்னைத்தான் முதலில் பார்த்தார். இப்போது இந்த மனுசி என்ன சொன்னாலும் நான் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

நாலு பேரும் சின்ன அறையில் இருந்தோம். "நீங்களே சொல்லுங்கள், தமிழில்," என்று அவள் என்னிடம் கெஞ்சினாள்.

"நீயே சொல்லு. சொல் வராவிட்டால் நான் எடுத்துத் தருகிறேன்."

அவள் என் காதோடு கேட்டாள். "நித்திரை வருகிற களைப்பு இல்லை. மற்றது. அதற்கு என்ன சொல்வது?"

சொன்னேன். அவள் அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள். "அம்மா, எனக்கு மனம் களைச்சுப் போச்சு."

தாய் கத்தவில்லை. தலையில் கை வைக்கவில்லை. மகளின் ஈரத் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்டைக்குக் கோயில்ல கேட்டது இவளைப் பிடிக்கிறதுக்கில்லைப் பிள்ளை," என்றார். "ரியூசனுக்குப் போகாட்டிப் போகட்டும். வீட்டில சிரிக்கிறாளில்லை. எங்கையாவது ஓரிடத்தில சிரிக்கிறாளோ எண்டு தெரிய வேணும் எண்டுதான் கேட்டனான். எனக்குக் கேக்கத் தெரியேல்லை."

அவளுக்கு இவ்வளவு தமிழும் விளங்கியது. "அம்மா," என்று ஒரு சொல் வந்தது, பிறகு அழுகை வந்தது. தாயும் அழுதார். என்னுடைய மேலதிகாரிக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். நான் மட்டும் அழவில்லை. கதிரையிலேயே இருந்தேன். இவ்வளவு நாளும் எதையோ நெஞ்சில் சுமந்து திரிந்திருக்கிறேன் என்பது அது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அழுகைக்கு நடுவிலேயே தலையை ஆட்டினாள், சொல்லலாம் என்று. "ஓம் அன்ரி," என்றேன். "இங்க சிரிக்கிறவள். நல்லாச் சிரிக்கிறவள். நான் ட்ரம்ஸ் அடிச்சால் பாருங்கோ."

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். டொக்டரிடம் போனார்கள். கவுன்சிலிங்குக்குப் பெயர் பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியையும் நிலையத்தில் நாங்களும் கிழமைக்கொருதரம் அவளோடு இருந்தோம். தகப்பனுக்குச் சொல்வதற்குத் தாய் தானே ஒரு நாள் தெரிவுசெய்தார். தகப்பன் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, நாலாவது நாள் மகளை ட்ரம்ஸ் அறைக்குக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலில் நின்று கொஞ்சம் கேட்டுவிட்டுப் போனார். ரியூசன் நின்றது. பரீட்சை எழுதினாள். நினைத்ததைவிடக் குறைவு, பயந்ததைவிட நல்லம். தாய் மாதத்தில் ஒருநாள் வீட்டில் பொரித்த ரோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுவந்து தருவார். மேசைப்பந்துக்காரர்கள் அவர் வருகிற நாளைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள்.

மூன்றாம் வருடம் அவள் வருவது குறைந்தது. புதுக் கல்லூரி, புதுக் கூட்டாளிகள், ஒரு சின்ன இசைக்குழு. பிள்ளை வராமல் விடுவதும் எங்கள் வேலையில் சில வேளை நல்ல செய்திதான். முதலில் கொஞ்சம் நோகும். பிறகு, அப்பாடா என்றிருக்கும்.

என்னுடைய கடைசி மதிப்பீட்டுக்கு, நான் ஒரு நிகழ்ச்சி நடத்துவதை வெளியாள் ஒருவர் வந்திருந்து பார்க்க வேண்டும். ஒரு மாதமாகத் தயார்படுத்தினேன். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குசினியில் ஆரோ பாணைக் கருக்க, தீ அலாரம் அடித்தது. எல்லாரும் வெளியே, தூறலில், கார் நிறுத்துமிடத்தில். என்னுடைய வண்ண அட்டைகள் எல்லாம் உள்ளே. வேறு வழியில்லாமல் பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, கேட்க நினைத்திருந்த கேள்வியை அங்கேயே கேட்டேன். இந்த இடத்தில் எதை மாற்றுவீர்கள்? உள்ளே கேட்டிருந்தால் இரண்டு பேர் கதைத்திருப்பார்கள். வெளியே குளிரில் எல்லாரும் கதைத்தார்கள். முதல் பதில், "அந்தப் பாண் மெசினை". மதிப்பீட்டாளர் குடைக்குள் நின்று சிரித்துக்கொண்டே எழுதினார்.

சித்தியடைந்த செய்தி ஆடி மாதத்தில், வேலை முடிந்து ட்ராமுக்கு நின்றபோது போனில் வந்தது. இரண்டு தரம் வாசித்தேன். வீட்டுக்குப் போன் எடுத்தேன். அப்பா எடுத்தார். சொன்னேன். "அப்ப இனிப் பரீட்சை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நல்லாப் படுத்து நித்திரை கொள்," என்றார். அவருக்கும் அது மூன்று வருடக் கவலை என்று அந்தக் குரலில்தான் தெரிந்தது.

ட்ராமில் யன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் இன்னும் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன், ஒரு நிமிசம் என்றுதான். கண் திறந்தபோது என் தரிப்பிடம் எப்போதோ போய், ட்ராம் விம்பிள்டனில் கடைசித் தரிப்பில் நின்றது. பெட்டியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. சாரதி ட்ராமைத் திருப்பி ஓட்ட மற்ற முனைக்குப் போவதற்காக நடைமேடையால் நடந்து வந்தவர், கதவடியில் நின்று, "இறங்கவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை, திரும்பித்தான் போக வேண்டும்," என்றேன்.

"அப்படியென்றால் இருங்கள்," என்றார். நான் இருந்தேன்.